இன்னும் வராத பதிலுக்கு ஒரு கையேடு

கல்லூரி நூலகங்களில் புத்தகங்களைக் கணினியில் ஏற்றுகிறவர்களுக்கு நன்றாகப் பழகிய திரை ஒன்று உண்டு. கோஹா என்ற நூலக மென்பொருளில் 'இசட்39.50 தேடல்' என்று ஒரு பொத்தான் இருக்கும். புதிதாக வந்த புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணை அடித்து, எந்தெந்த நூலகங்களில் தேட வேண்டும் என்று கட்டங்களில் டிக் போட்டுத் 'தேடு' என்றால் போதும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்க எண்ணிக்கை, பொருள் தலைப்பு எல்லாம் அடங்கிய பதிவு சில விநாடிகளில் வந்து நிற்கும். அதை இறக்கிக்கொண்டு, தங்கள் நூலகத்தின் சேர்க்கை எண்ணைப் போட்டால் ஒரு புத்தகம் முடிந்தது. கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரப்போகிறது, அதற்குள் அலமாரி முழுவதும் கணினியில் ஏறியாக வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கும் உதவியாளருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அந்தச் சில விநாடிகளைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், அதுதான் என் தொழிலே. நிரல் எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள ஆயத்தமாக வைத்திருக்கும் தொகுப்புகளை லைப்ரரி என்பார்கள். ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு கையேடு வேண்டும்: எந்தக் கட்டளை என்ன செய்யும், எந்த வரிசையில் கூப்பிட வேண்டும், தவறினால் என்ன ஆகும் என்று. நூலக அறிவியல் படித்துவிட்டு நிரல் பக்கம் வந்தவன் என்பதால், தொலைவில் இருக்கும் நூலகங்களின் பட்டியல்களைத் தேடித்தரும் லைப்ரரிகள் என் மேசைக்கு வருகின்றன. கோஹாவுக்கு அடியில் இருப்பதும் அப்படி ஒன்றுதான். அதைக் கல்லூரி நூலகங்களில் பராமரிக்கிறவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் பின்னணி.

இசட்39.50 என்பது ஒரு பேச்சுமுறை. ஒரு கணினி இன்னொரு கணினியிடம் 'உன் பட்டியலில் இது இருக்கிறதா?' என்று கேட்பதற்கான ஒப்பந்தம். 1980களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், ஓசிஎல்சி போன்ற பெரிய அமைப்புகள் தங்கள் கணினிகளுக்கிடையே பட்டியல் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்த முயற்சியிலிருந்து இது வளர்ந்தது. 1988இல் அமெரிக்கத் தரநிலையாக முதல் வடிவம் வந்தது. 1992இலும் 1995இலும் திருத்தினார்கள். 1998இல் ஐஎஸ்ஓ 23950 என்ற பெயரில் உலகத் தரநிலையாயிற்று. டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான யோசனையை எழுதிக்கொடுத்தது 1989இல். அதற்கு முந்தைய ஆண்டே நூலகக்காரர்கள் தொலைதூரத் தேடலுக்கு விதிமுறை எழுதி முடித்திருந்தார்கள். வலை பரவுவதற்கு முன்னால் புகழ்பெற்றிருந்த வேய்ஸ் என்ற தேடல் அமைப்பை உருவாக்கிய ப்ரூஸ்டர் கேல், அதை இந்த 1988ஆம் ஆண்டு வடிவத்தின் மீதுதான் கட்டினார். பின்னாளில் இன்டர்நெட் ஆர்க்கைவைத் தொடங்கியவரும் அவரே. நூலகத் துறை கணினிக்குப் பின்னால் ஓடிவந்த துறை என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை.

இந்தப் பேச்சு மூன்று கட்டமாக நடக்கும். முதலில் 'இனிட்'. இரு பக்கமும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, எந்த வடிவத்தில் பேசலாம், ஒரு தடவைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று முடிவு செய்கின்றன. அடுத்து 'சர்ச்'. கேள்வி போகிறது, அங்கே தேடிப் பார்த்து, பொருந்திய பதிவுகள் இத்தனை என்று பொதுவாக எண்ணிக்கை மட்டும் திரும்பி வருகிறது. பதிவுகள் இன்னும் வரவில்லை. அவற்றின் பட்டியலை அந்தச் சர்வர் தன்னிடமே எடுத்து வைத்துக்கொள்கிறது. மூன்றாவதாக 'பிரசென்ட்'. அந்தப் பட்டியலிலிருந்து 1 முதல் 10 வரை அனுப்பு என்று நாம் கேட்க, அது அனுப்புகிறது. ஆகவே இணைப்பு நடுவில் அறுந்தால் எடுத்து வைத்த பட்டியலும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வியும் சாதாரண வாக்கியமாகப் போவதில்லை. எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதற்கு எண்கள் இருக்கின்றன. தலைப்பு என்றால் 4, ஐஎஸ்பிஎன் என்றால் 7, பொருள் என்றால் 21, ஆசிரியர் என்றால் 1003, எங்கே இருந்தாலும் சரி என்றால் 1016. திரும்பி வரும் பதிவு மார்க் வடிவத்தில் இருக்கும். காங்கிரஸ் நூலகத்தில் 1960களில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற நிரலாளர் முன்னின்று வடித்துக் கொடுத்த வடிவம் அது. 245ஆம் புலத்தில் தலைப்பு, 100இல் ஆசிரியர், 020இல் ஐஎஸ்பிஎன். பட்டியலாளர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். பலர் '245ஐப் பாருங்க' என்றே பேசிக்கொள்வார்கள்.

இனி நேரக் கணக்கு. ஒரு நூலகம் பதில் சொல்ல 3 விநாடி எடுக்கிறது என்று வையுங்கள். பத்து நூலகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் 30 விநாடி. அவற்றில் ஒன்று இன்று படுத்துக்கிடக்கிறது, 20 விநாடி பார்த்துவிட்டுக் கைவிட வேண்டும் என்றால் மொத்தம் 47 விநாடி. ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு நேரம் என்றால் யாரும் அந்தப் பொத்தானைத் தொடமாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையை ஒரு வீட்டுக்குத் தபாலில் போட்டு, அங்கிருந்து பதில் வந்த பிறகு அடுத்த வீட்டுக்கு எழுதுகிறவர் உண்டா? எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டு, வருகிற பதிலை வருகிற வரிசையில் குறித்துக்கொள்கிறோம். நிரலிலும் அதையே செய்யலாம். பத்துக் கேள்விகளையும் உடனே அனுப்பிவிட்டு, எது முதலில் பேசுகிறதோ அதை முதலில் கவனிப்பது. இதைத்தான் அசின்க்ரனஸ் முறை, சுருக்கமாக அசின்க் என்கிறார்கள். ஒன்பது நூலகங்களின் பதில் 3 விநாடியில் திரைக்கு வந்துவிடும். படுத்துக்கிடக்கும் பத்தாவது யாரையும் தடுக்காது.

இந்த வேலையைச் செய்யும் லைப்ரரி டென்மார்க்கிலிருந்து வந்தது. செபாஸ்டியன் ஹாமர், ஆடம் டிக்மைஸ் இருவரும் 1994இல் கோபன்ஹேகனில் தொடங்கிய இன்டெக்ஸ் டேட்டா என்ற நிறுவனம் யாஸ் என்ற தொகுப்பை உருவாக்கி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் கொடுத்திருக்கிறது. அதற்குள் ஜூம் என்ற அடுக்கு ஒன்று இருக்கிறது. இணைப்பு, கேள்வி, விடைத்தொகுதி, பதிவு என்று நான்கைந்து எளிய பொருள்களாக அந்த மூன்று கட்டப் பேச்சை மாற்றித் தருவது இதன் வேலை. சி மொழியில் எழுதப்பட்ட இதைப் பெர்ல், ரூபி எனப் பல மொழிகளிலிருந்தும் கூப்பிடலாம். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் இயங்க ஆரம்பித்த கோஹா, பெர்ல் மொழிக்காரர்களின் பிள்ளை. அதனால் ஜூமின் பெர்ல் வடிவத்தைத்தான் அது நம்பியிருக்கிறது. இணைப்பு ஏற்படுத்தும்போது 'அசின்க்' என்ற விருப்பத்தை 1 என்று வைத்தால் அந்த நொடியிலிருந்து எல்லாக் கட்டளைகளும் காத்திராத முறைக்கு மாறிவிடும்.

மாறுவது ஒரே ஒரு எண்தான். ஆனால் கையேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் பொருளும் அதோடு மாறிவிடுகிறது. என் வேலை சிக்கலாவதும், எனக்கு மிகவும் பிடித்துப்போவதும் இந்த இடத்தில்தான்.

சாதாரண முறையில் 'தேடு' என்ற கட்டளையைக் கொடுத்தால், தேடி முடித்த பிறகுதான் அடுத்த வரிக்கு நிரல் போகும். அடுத்த வரியில் 'எத்தனை கிடைத்தன?' என்று கேட்டால் வருகிற எண் உண்மையான எண். அசின்க் முறையில் 'தேடு' என்றதும் 'சரி, குறித்துக்கொண்டேன்' என்று கட்டளை உடனே திரும்பிவிடும். கேள்வி இன்னும் இந்தக் கணினியைவிட்டுக் கிளம்பியிருக்கக்கூட இல்லை. அப்போது 'எத்தனை கிடைத்தன?' என்று கேட்டால் 0 என்று பதில் வரும். அதே கட்டளை, அதே 0. ஒரு 0 'தேடிப் பார்த்தேன், எதுவும் இல்லை' என்று சொல்கிறது. இன்னொரு 0 'இன்னும் தேடவே இல்லை'. மூன்றாவது ஒன்றும் உண்டு: 'தேடப் போனேன், கதவே திறக்கவில்லை'. எண்ணைப் பார்த்து மூன்றையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இது ஏட்டுச் சிக்கல் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில், கோஹாவுக்கு வெளியே தாங்களாகவே ஒரு சின்ன நிரல் எழுதி வைத்துக்கொண்டு, பழைய புத்தகங்களின் ஐஎஸ்பிஎன்களை மொத்தமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்குள்ள உதவி நூலகர் போனில் கேட்டார்: "சார், காங்கிரஸ் லைப்ரரியில ஜீரோன்னு காட்டுது. புக்கு அங்க இல்லைன்னு அர்த்தமா, இல்ல நெட்டு வரலையா? இல்லைன்னா நாங்களே டைப் பண்ண ஆரம்பிச்சிருவோம்." நான் சொன்னேன்: "மேடம், அவசரப்பட்டு டைப் பண்ணிராதீங்க. அந்த நம்பரை எந்த வரிக்கு அப்புறம் வாங்குறீங்கன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க." பார்த்தால், தேடு என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே எண்ணிக்கையை வாங்கியிருந்தார்கள். எழுதியவர் திறமையான இளைஞர்தான். அவர் படித்த குறிப்பில் 'விடைத்தொகுதியில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியில் பொய் இல்லை. எப்போது தரும் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அந்த ஒரு சொல் இல்லாததால், அமெரிக்காவில் நேர்த்தியாகப் பட்டியலிடப்பட்டு இருந்த புத்தகங்களை இரண்டு பேர் மறுபடி கையால் அடிக்க உட்காரப் போனார்கள்.

அன்றிலிருந்து நான் எழுதும் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருந்தே தீர வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இது என்ன செய்யும்? இதன் பதில் எப்போதிலிருந்து செல்லும்? எதுவரை செல்லும்? முதல் கேள்விக்கு எல்லாக் கையேடுகளும் பதில் சொல்கின்றன. மற்ற இரண்டும்தான் அசின்க் லைப்ரரியின் உயிர். பெரும்பாலான கையேடுகள் கட்டளைகளை அகர வரிசையில் அடுக்குகின்றன. தேடி எடுக்க அது வசதி, மறுக்கவில்லை. கற்றுக்கொள்கிறவருக்கு வேண்டியது கால வரிசை.

'எப்போதிலிருந்து' என்பதற்கு ஜூம் வைத்திருக்கும் விடை 'ஈவன்ட்' என்ற கட்டளை. இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக அதன் கையில் கொடுத்தால், எதிலாவது ஏதாவது நடக்கும்வரை அது காத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கண்காணிக்க ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் உதவி கேட்டுக்கொள்கிறது. அதனால் பத்து இணைப்புக்குப் பத்து வேலையாள் தேவையில்லை, ஒரே நிரல் ஓட்டத்தில் எல்லாம் நடக்கும். ஏதாவது நடந்ததும் எந்த இணைப்பு என்று ஒரு எண்ணைத் திருப்பித் தரும். முதல் இணைப்புக்கு 1, இரண்டாவதுக்கு 2. நிரல் மொழிகளில் பட்டியல் 0இலிருந்து தொடங்குவதால், பட்டியலில் தேடும்போது 1 கழித்துக்கொள்ள வேண்டும். இனி எதிலும் எதுவும் நடக்க வேண்டியதில்லை என்றால் 0. இந்த 1 கழிக்கும் விஷயத்தைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். மறந்தால் நிரல் நிற்காது. பக்கத்து நூலகத்தின் பதிவை இந்த நூலகத்தின் பெயரில் காட்டும். நின்றுபோகிற பிழையைவிடத் தவறான பதிலைச் சரியான முகத்தோடு காட்டும் பிழை ஆபத்தானது.

என்ன நடந்தது என்பதற்கும் எண்கள் உண்டு. 1 என்றால் இணைப்பு ஏற்பட்டது. 2, 3 என்றால் தரவு போனது, வந்தது. 4 என்றால் நேரம் கடந்துவிட்டது. 8 என்றால் ஒரு பதிவு வந்தது. 9 என்றால் தேடலின் விடை வந்தது. 10 என்றால் அந்த இணைப்பில் கேட்டதெல்லாம் முடிந்தது. கோஹாவின் நிரலைத் திறந்து பார்த்தால் இந்த முடிவுச் செய்தி வரும்வரை ஈவன்டைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் ஒரு சுழற்சி இருக்கும். அந்தச் செய்தி வந்த இணைப்பின் பதிவு எண்ணிக்கையை மட்டும்தான் கோஹா படிக்கிறது. அந்த ஒரு சுழற்சியை விளக்க நான் எடுத்துக்கொண்ட பக்கங்கள், மீதிக் கட்டளைகள் அனைத்துக்கும் எடுத்துக்கொண்டதைவிடக் கூடுதல். பதிப்பாசிரியர் யாராவது இருந்திருந்தால் குறைக்கச் சொல்லியிருப்பார். நான் குறைக்கமாட்டேன். அதைப் புரிந்துகொண்டவருக்கு மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆசானாக இருப்பது, யாஸைப் பிஎச்பி மொழியிலிருந்து பயன்படுத்துவதற்கான கையேட்டுப் பக்கங்கள். அங்கே 'கனெக்ட்' கட்டளையின் விளக்கத்திலேயே, இது இணைப்பை ஏற்படுத்தாது, பின்னால் 'வெயிட்' என்று கூப்பிடும்போது ஏற்படுத்துவதற்கு ஆயத்தம் மட்டும் செய்யும் என்று சொல்லிவிடுகிறார்கள். 'சர்ச்' பக்கத்திலும் இது தேடலுக்கான ஆயத்தமே, தேடல் 'வெயிட்' சொன்ன பிறகு என்று மறுபடி சொல்கிறார்கள். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறார்களே என்று சிலருக்குத் தோன்றலாம். கையேட்டை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. அவசரத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கிறவருக்கு அந்தப் பக்கத்திலேயே எச்சரிக்கை கிடைக்க வேண்டும். கனெக்ட் என்ற பெயருள்ள கட்டளை இணைப்பதில்லை என்று வெளிப்படையாக எழுத ஒரு நேர்மை வேண்டும்; அந்தப் பக்கங்களை எழுதியவர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

'எதுவரை' என்ற மூன்றாவது கேள்வியைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. விடைத்தொகுதியிலிருந்து ஒரு பதிவை வாங்குகிறோம். அது நம் கைக்கு வந்துவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் அது விடைத்தொகுதிக்கே சொந்தம். தொகுதியை அழித்தால் பதிவும் அழிந்துவிடும். பிறகு அதைத் தொட்டால் நிரல் விழுந்துவிடலாம், குப்பை எழுத்துகளும் வரலாம். தொடர்ந்து வேண்டும் என்றால் முன்கூட்டியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது. பத்து இணைப்புகள் பத்து வெவ்வேறு நேரத்தில் முடியும் இடத்தில், எந்தத் தொகுதி எப்போது அழிகிறது என்பது கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதனால் நகல் எடுப்பதை ஒரு பின்குறிப்பாக ஒதுக்காமல், பதிவை வாங்கும் முதல் எடுத்துக்காட்டிலேயே சேர்த்துவிட்டேன்.

பிழைகளுக்கு வருவோம். உதவி நூலகர் கேட்டாரே, 'புக்கு இல்லையா, நெட்டு வரலையா' என்று. அதற்கு இந்த லைப்ரரியில் அருமையான விடை இருக்கிறது, சொல்லித்தர ஆள் இல்லை. பிழை எண்கள் இரண்டு வகை. நம் பக்கத்தில் ஜூம் கண்டுபிடித்தவை 10000இல் தொடங்கும். 10000 என்றால் இணைப்பே கிடைக்கவில்லை. 10004 என்றால் நடுவில் அறுந்தது. 10007 என்றால் நேரம் கடந்தது. தொலைவில் உள்ள நூலகம் வாய் திறந்து சொன்னவை சின்ன எண்கள். 109 என்றால் தரவுத்தளம் இப்போது கிடைக்காது. 114 என்றால் நீங்கள் கேட்ட வகையில் தேட எனக்குத் தெரியாது; அதாவது ஐஎஸ்பிஎன் வழியாகத் தேடும் வசதி அங்கே இல்லாமல் இருக்கலாம். 235 என்றால் அந்தப் பெயரில் தரவுத்தளமே கிடையாது. பெரும்பாலும் பெயரை அடிக்கும்போது எழுத்து மாறியிருக்கும். பிழை எண்ணும் 0, பதிவு எண்ணிக்கையும் 0, முடிவுச் செய்தியும் வந்துவிட்டது: இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டுமே அந்த நூலகத்தில் அந்தப் புத்தகம் கிடைக்கவில்லை என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

ஐந்திலக்க எண் வந்தால் உங்கள் நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுங்கள், 109 தவிர வேறு மூன்றிலக்க எண் வந்தால் கேள்வியைத் திருத்துங்கள் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். இசட்39.50க்கு 210 என்ற தனி போர்ட் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கல்லூரிகளின் ஃபயர்வால் வலைப்பக்கங்களுக்கான வழியைத் திறந்து வைத்துவிட்டு இதைப் பூட்டியிருப்பது சகஜம். யூடியூப் ஓடுகிறது, ஜிமெயில் வருகிறது, நூலகத் தேடல் மட்டும் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். லைப்ரரியைப் பற்றிய கையேட்டில் ஃபயர்வால் எதற்கு என்று கேட்கலாம். படிக்கிறவர் மாட்டிக்கொள்ளும் இடம் எதுவோ அதுவரை கையேடு போக வேண்டும் என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டு நிரல்களைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஓடாத எடுத்துக்காட்டை அச்சில் ஏற்றக்கூடாது. ஆனால் வாஷிங்டனில் உள்ள சர்வரை நம்பி எடுத்துக்காட்டு எழுதினால், இன்று 9 பதிவு வரும், அடுத்த மாதம் 11 வரும். படிப்பவர் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைப்பார். இதற்கு யாஸோடு சேர்ந்தே வருகிற ஒரு பயிற்சிச் சர்வர் இருக்கிறது, பெயர் யாஸ்-இசட்டெஸ்ட். நம் கணினியிலேயே 9999 என்ற போர்ட்டில் ஓடும், இணையம் தேவையில்லை. எதைத் தேடினாலும் 0 முதல் 24 வரை ஏதோ ஒரு எண்ணிக்கையைச் சொல்லும். அப்படியானால் எடுத்துக்காட்டின் விடை ஒவ்வொருவருக்கும் மாறுமே? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: தேடும் சொல் ஒரு எண்ணில் தொடங்கினால், அந்த எண்ணையே விடையாகத் தரும். 12 என்று தேடினால் 12 பதிவு. என் கையேட்டில் எல்லா எடுத்துக்காட்டுகளும் 12, 7, 3 என்று எண்களைத் தேடுவது அதனால்தான்.

அதைவிட எனக்குக் கைகொடுத்த வசதி ஒன்று அதில் இருக்கிறது. தரவுத்தளத்தின் பெயரோடு, தேடலுக்கு இத்தனை விநாடி தாமதம் செய் என்று சேர்த்து அனுப்பினால், அந்தச் சர்வர் வேண்டுமென்றே நிதானமாகப் பதில் சொல்லும். மூன்று இணைப்பை ஏற்படுத்துங்கள். ஒன்றுக்குத் தாமதம் இல்லை, இன்னொன்றுக்கு 2 விநாடி, மற்றதற்கு 5 விநாடி. முதலில் சாதாரண முறையில் ஓட்டுங்கள். ஏறத்தாழ 7 விநாடி ஆகும். பிறகு அசின்க் முறையில் ஓட்டுங்கள். 5 விநாடியில் முடியும், முதல் பதில் உடனே வந்துவிடும். இந்தப் பயிற்சியைச் செய்து பார்த்தவருக்கு அசின்க் என்றால் என்ன என்று நான் இரண்டாவது தடவை விளக்க வேண்டியதில்லை. திரையில் எந்தப் பதில் முதலில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்த ஒரு நூலகர், "அப்போ வரிசையா டிக் போட்டதெல்லாம் வரிசைக்கு இல்லையா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கையேட்டில் ஒரு துணைத்தலைப்பாகவே போட்டுவிட்டேன்.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. நூலக அறிவியல் வகுப்பில் அதைத் தேர்வுக்காகப் படித்தேன். பத்து நூலகங்களை ஒரே நேரத்தில் கேட்கும் நிரலின் முன் உட்கார்ந்திருக்கும்போது அந்த விதி எனக்கு உயிரோடு தெரிகிறது. நேரத்தைச் சேமிக்க எழுதிய நிரலின் குறிப்பு தெளிவில்லாமல் இருந்தால், சேமித்த விநாடிகள் எல்லாம் போய், இரண்டு பேரின் ஒரு வாரம் அதில் கரைந்துவிடும்.

தமிழ்ப் புத்தகங்களைத் தேடுவதற்கென்று கையேட்டில் தனி அத்தியாயம் வைத்திருக்கிறேன். அமெரிக்க நூலகத்தில் தமிழ்ப் புத்தகத்தின் பதிவு எப்படி இருக்கும் என்று வியப்பவர்கள் உண்டு. அதன் கதை கோதுமையில் தொடங்குகிறது. 1954இல் வந்த பிஎல்-480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் இந்தியாவுக்கு உணவு தானியம் ரூபாய்க்கு விற்கப்பட்டது. இங்கேயே செலவழிக்க வேண்டியிருந்த அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962இல் டெல்லியில் அலுவலகம் திறந்து, இந்திய மொழிப் புத்தகங்களைக் காங்கிரஸ் நூலகம் வாங்கத் தொடங்கியது. நாவல், கவிதை, துணுக்குத் தொகுப்பு, பக்திப் பிரசுரம் என்று தமிழில் அச்சானவற்றில் பல கடல் கடந்து போய், பட்டியலில் ஏறின. நம் ஊரில் எந்த அலமாரியிலும் இல்லாத ஒரு பதிப்பின் விவரம் அங்கிருந்து வந்து திரையில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஆனால் அவற்றைத் தேடத் தெரிய வேண்டும். பழைய பதிவுகளில் தலைப்பு பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் இருக்கிறது, அதுவும் நாம் போனில் அடிக்கும் முறையில் இல்லை. அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பில் சகரத்துக்கு 'எஸ்' வராது, 'சி' வரும். 'பொன்னியின் செல்வன்' தேடுகிறவர் செல்வனை 'எஸ்' போட்டு அடித்தால் அந்தப் பதிவுகளைப் பிடிக்க முடியாது. ழகரத்துக்கு 'இசட் எச்' கிடையாது, அடிக்கோடிட்ட 'எல்'. தமிழ் எழுத்திலேயே தலைப்பு இருக்கும் பதிவுகளில் அது 880 என்ற தனிப் புலத்தில் ரோமன் வடிவத்துக்கு இணையாக வைக்கப்பட்டிருக்கும். இங்கே இன்னொரு கவனம் வேண்டும். நூலகங்களின் பழைய எழுத்துமுறையான மார்க்-8இல் அரபு உண்டு, கிரேக்கம் உண்டு, சீனம் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே 880இல் தமிழ் வேண்டும் என்றால் பதிவு யூனிகோடில், யூடிஎஃப்-8 வடிவத்தில் வர வேண்டும். சர்வர் அமைப்பில் அப்படித்தான் குறித்திருக்க வேண்டும். பதிவின் தலைவரியில் 0இலிருந்து எண்ணினால் 9ஆம் இடத்தில் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் அது யூனிகோடு. வெற்றிடமாக இருந்தால் மார்க்-8. தமிழுக்குப் பதில் புரியாத குறிகள் வந்து விழுந்தால் முதலில் அந்த ஒற்றை எழுத்தைப் பாருங்கள்.

ஐஎஸ்பிஎன் இருக்கும் புத்தகத்துக்கு இந்தச் சிரமம் எதுவும் கிடையாது. எண்ணுக்கு மொழி இல்லை. எண் இல்லாத பழைய புத்தகங்களுக்காக, தமிழ்த் தலைப்பைக் கொடுத்தால் அந்த எழுத்துப்பெயர்ப்பு முறைப்படி ரோமனாக்கி, தமிழ் வடிவம் ஒன்று, ரோமன் வடிவம் ஒன்று என இரண்டு கேள்விகளையும் எல்லா நூலகங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் எடுத்துக்காட்டு ஒன்றை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நூலகத்துக்கு இரண்டு இணைப்பு; ஒன்று 0 சொல்லி, மற்றது 4 சொன்னால் எதை எடுத்துக்கொள்வது, இரண்டும் முடிவதற்கு முன் எதைத் திரையில் காட்டுவது என்பதை அதில் ஒவ்வொரு வரியாகச் சொல்லியாக வேண்டும். அந்த அத்தியாயம் முடிந்ததும் கையேட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப் போகிறேன். அச்செடுத்துப் பதிவு மேசையில் கோஹா கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தோதாக, பிழை எண்களின் அட்டவணை மட்டும் தனியாக ஒரே பக்கத்தில் இருக்கும்.